மந்தவெளிக்கு ரெண்டு

அக்கா,

இன்று காலை வீடு பெருக்கும்போது கதவுக்குப் பின்னால் மஞ்சளாகக் கொஞ்சம் மாவு குவிந்திருந்தது. எறும்பு மருந்தோ என்று நினைத்து விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். மூங்கில் வாசனை. தடியை வண்டு அரிக்க ஆரம்பித்திருக்கிறது. பக்கத்தில் காதை வைத்தால் உள்ளே அரிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது. மண்ணெண்ணெய் தடவினால் நின்றுவிடும் என்று கீழ்வீட்டுப் பெண் சொன்னாள். தடவவில்லை. எதற்குத் தடவ வேண்டும், சொல். இந்தத் தடி இனி எந்த மலைக்குப் போகப்போகிறது?

நீ கொடுத்த தடி இது. மாமா உனக்குக் கொடுத்ததில் ஒன்றை நீ வைத்துக்கொண்டு ஒன்றை எனக்குத் தந்தாய். வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்கள் அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கி ஊன்றிக்கொண்டு ஏறுவார்கள், இறங்கியபின் அதை எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் எனக்கு உன் வீட்டில்தான் தெரிய வந்தது. சாந்தோம் பங்கில் ஞானஸ்நானம் வாங்கி, அங்கேயே பள்ளிக்கூடம் படித்து, அதே பள்ளியில் வேலைக்கும் சேர்ந்தவள் நான். எனக்கு மலை என்றால் பரங்கிமலை ஒன்றுதான். உன் வீட்டில் கதவுக்குப் பின்னால் வருஷத்துக்கு ஒன்றாக மாமாவின் தடிகள் சாய்ந்து நிற்கும். ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் நீ அவற்றைத் திட்டுவாய்.

உன் வீட்டுக்காரரை மாமா என்றுதான் நான் கூப்பிட்டுப் பழக்கம். வடபழனிப் பக்கம் ஸ்டுடியோவில் லைட்மேன். வருஷம் முழுக்க வாயைத் திறக்காத மனிதர், மாசி பிறந்தால் ஆள் மாறிப்போவார். கூட்டாளிகளோடு கோயம்புத்தூர் வண்டி ஏறி, மலைக்குப் போய்விட்டு, வீங்கின காலோடு திரும்பி வருவார். வெந்நீர் பக்கெட்டில் காலை விட்டுக்கொண்டு உன் ஹாலில் உட்கார்ந்து கதை சொல்வார். மொத்தம் ஏழு மலை. முதல் மலை முழுக்கப் படி. அப்புறம் வழுக்குப்பாறை. அதற்கு மேலே கைதட்டிச் சுனை. நின்று கை தட்டினால் பாறையிலிருந்து தண்ணீர் வரும். அப்புறம் திருநீறு மாதிரி வெள்ளை மண். கடைசி மலை செங்குத்து, தடி இல்லாவிட்டால் தவழ்ந்துதான் போக வேண்டும். மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டு வருகிறவர் உச்சிக்கு வந்ததும் கதையை நிறுத்திவிடுவார்.

"மேல இன்னா கீது?" என்பாய் நீ.

"அத்த சொன்னா புரியாது. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"போய்ப் பாக்கறதுக்கு எங்கள எங்க வுடறீங்க?"

"பொம்பளைங்களுக்கு அம்பது தாண்டணும். அது மலையோட வழக்கம். நானா சட்டம் போட்டேன்?"

தி.நகர் பட்டுப் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று, வாங்குகிறவளோ வாங்காதவளோ, முந்தானை வரைக்கும் பிரித்துக் காட்டாமல் யாரையும் அனுப்பாதவள் நீ. மடித்து வைத்த எதுவும் உனக்கு ஆகாது. உன்னிடம் போய் ஒரு மனிதர் வருஷா வருஷம் பாதியைப் பிரித்துக் காட்டிவிட்டு மீதியை மடித்து வைத்தார். பக்திக்காக நீ அந்த மலைக்கு ஆசைப்பட்டாய் என்று ஊரில் சொல்லிக்கொள்ளட்டும். எனக்குத் தெரியும். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆசைப்பட்டாய்.

உனக்கு ஐம்பது முடிந்த வருஷம் மாமாவே கூப்பிட்டார். "வர்றியா? இந்த வருசம் கூட்டிக்கினு போறேன்." நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்டெல்லாவுக்கு இன்னும் ரெண்டு வருசம் கீது. அவளும் வரட்டும்" என்றாய். நான் உன் வாசலில் காபி டம்ளரோடு நின்றிருந்தேன்.

"நான் வேதக்காரிக்கா. என்னை எங்க விடப் போறாங்க?"

"மலைக்கு இன்னாடி தெரியும் நீ யாருன்னு? ஏறுனா ஏறவுடும். வழுக்குனா வழுக்கும்."

"எனக்காக நீ எதுக்கு நிக்கணும்?"

"உன் மூஞ்சிய வச்சிக்கினு இந்த மூணாவது மாடில நீ தனியா இன்னா பண்ணுவ? நாங்க ரெண்டு பேரும் போய்ட்டா உனக்கு யார் தோசை தருவா?"

அம்மா போனபிறகு அந்தக் குடியிருப்பில் எனக்கென்று இருந்தது எதிர்வீட்டுக் கதவு ஒன்றுதான். அது உனக்குத் தெரியும். அதனால்தான் காத்திருந்தாய். காத்திரு என்று உன்னை யார் கேட்டார்கள் அக்கா? நான் கேட்கவில்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம். இதுவும் போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்?

அந்த இரண்டு வருஷமும் நாம் கோட்டை கட்டிக்கொண்டிருந்தோம். என்னென்ன எடுத்துப் போவது என்று ஆரம்பித்தால் உனக்கு நேரம் போவதே தெரியாது. எலுமிச்சம்பழம், உப்பு, கடலை மிட்டாய், டார்ச். மேலே குளிர் எலும்பைக் குடையும் என்று மாமா ஒருமுறை சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சித்திரை வெயிலில் ரங்கநாதன் தெருவுக்கு ஸ்வெட்டர் வாங்க இழுத்துப் போனாய். கடைக்காரப் பையன் நம்மை ஏற இறங்கப் பார்த்தான். "இப்ப ஸ்வெட்டர் கேக்கறீங்களே, ஊட்டியாம்மா?" என்றான். "அதுக்கும் மேல" என்றாய் நீ. மூட்டைக்கு அடியிலிருந்து தூசி தட்டி எடுத்துத் தந்தான். அங்கேயே போட்டுப் பார்த்தாய். நெற்றியிலிருந்து வியர்வை ஊற்ற, கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "குளிரவே இல்லடி, நல்ல ஸ்வெட்டர்" என்றாய். கடையே சிரித்தது. நானும் அதற்குமுன் அப்படிச் சிரித்ததில்லை. உன் ஸ்வெட்டர் அரக்கு, என்னுடையது நீலம். இரண்டும் ஒருமுறைகூடக் குளிரைப் பார்க்கவில்லை.

பயிற்சி வேண்டும் என்றார் மாமா. பரங்கிமலையை விட்டால் சென்னையில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? மெரினாவிலிருந்து தரமணி வரை தட்டை. யோசித்து யோசித்து, திருமயிலை ரயில் நிலையத்தைக் கண்டுபிடித்தது நீதான். "எம்மாம் படி கீது பாத்தியா? ஏற்றதுக்கு ஆளே இல்ல" என்றாய். பறக்கும் ரயிலுக்காகக் கட்டின அந்தப் பெரிய கட்டடம், கூட்டமில்லாத ஹால்கள், புறா எச்சம், கீழே கால்வாயின் நாற்றம். அதுதான் நம் வெள்ளியங்கிரி. சனிக்கிழமை சாயங்காலம் உன் ஷிப்ட் முடிந்ததும் போய்விடுவோம். டிக்கெட் இல்லாமல் மேலே போகக்கூடாது என்பதால் கவுண்டரில் "மந்தவெளி ரெண்டு" என்பாய். அடுத்த ஸ்டேஷன். ஒருநாளும் வண்டி ஏறினதில்லை. மலைக்குச் செருப்பில்லாமல்தான் ஏற வேண்டும் என்று செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, படி ஏறுவோம், இறங்குவோம், மறுபடி ஏறுவோம். கவுண்டர்க்காரர் ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டார்.

"இன்னாம்மா, வாரா வாரம் மந்தவெளிக்கு டிக்கெட் வாங்கறீங்க, வண்டி ஏற மாட்றீங்க?"

"நாங்க போறது வேற எடம் சார். அதுக்கு இங்க டிக்கெட் குடுக்க மாட்டாங்க" என்றாய்.

அதற்கப்புறம் நம்மைக் கண்டால் கேட்காமலே இரண்டு டிக்கெட் எடுத்து நீட்டுவார்.

படித் திருப்பம் ஒவ்வொன்றுக்கும் நீ பெயர் வைத்தாய். இது வழுக்குப்பாறை, இது வெள்ளை மண். ஒரு திருப்பத்தில் சுவரோரமாக ஒரு குடிநீர்க் குழாய் இருந்தது, தண்ணீர் வராத குழாய். அதுதான் கைதட்டிச் சுனை. அதன் முன்னால் நின்று இரண்டு கையையும் தட்டுவாய். மேலே கம்பியில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் படபடவென்று பறக்கும். "பாத்தியா, வரும்டி, கொஞ்சம் பொறு" என்று குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பாய். அங்கே நின்றால் கபாலி கோயில் கோபுரம் தெரியும். அதைப் பார்க்கிற சாக்கில் இன்னும் கொஞ்சம் நிற்பாய்.

கோபுரத்தைத்தான் பார்க்கிறாய் என்று நானும் நம்பினேன், நீயும் நம்பினாய்.

தவக்காலத்தில் என்னோடு பரங்கிமலைக்கு வந்தாயே. எங்கள் பங்கிலிருந்து சிலுவைப்பாதைக்குப் போன கூட்டத்தில் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள் நீ ஒருத்திதான். படியோரம் ஒவ்வொரு நிலையிலும் எல்லோரும் நின்று, முழங்கால் போட்டு, செபம் சொல்லி, பிறகு அடுத்த நிலைக்கு ஏற வேண்டும். உனக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. "உங்க சாமி நல்ல சாமிடி. நின்னு நின்னு போகச் சொல்லுது" என்று என் காதில் சொன்னாய். ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற நிலையில் முழங்கால் போட்டவள் எழுந்திருக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டாய். மேலுதட்டில் வியர்வை. உதடு வெளுத்திருந்தது. பின்னால் வந்த அம்மாக்கள், பாவம், பிற மதத்துப் பெண்ணுக்கு எவ்வளவு பக்தி என்று கண் கலங்கினார்கள்.

இறங்கி வரும்போது நீ சொன்னது: "பழக்கம் பத்தலடி. வாரத்துக்கு ரெண்டு நாள் ஆக்கிடலாம்."

ஆக்கினோம். சனியோடு புதனும் சேர்ந்தது. கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நமக்கு, மூச்சு வாங்கினால் ஒரே காரணம்தான் தெரியும், ஏறிப் பழக்கமில்லை. கால் வீங்கினால் கடையில் நின்றதால். படுத்தால் மூச்சு முட்டினால் ரசத்தில் புளி அதிகம். வேறு ஊர்க்காரியாக இருந்தால், ஒரு மேடு ஏறி இறங்கிப் பழகினவளாக இருந்தால், இது மலையால் வருகிற மூச்சு இல்லை என்று முதல் நாளே தெரிந்திருக்கும். உன் நோய் தலைகாட்டினதும் படிக்கட்டில்தான். அதற்கு நாம் பார்த்துக்கொண்ட வைத்தியமும் படிக்கட்டுத்தான். இதை நினைத்தால் எனக்கு அழுகைகூட வருவதில்லை. வாயில் துருப்பிடித்த ருசி வருகிறது.

அந்த வருஷத் தீபாவளிக் கூட்டத்தில், ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் புடவை பிரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே நீ கடையில் விழுந்தாய். இதயத்தில் ஒரு வால்வு சின்ன வயதிலிருந்தே சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது, ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள், ஆபரேஷனை இப்போது உடம்பு தாங்காது, மாத்திரையில் தேறினால் பார்க்கலாம் என்றார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். "முக்கியமா மாடிப்படி ஏறவே கூடாதும்மா" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் லிப்ட் இல்லாத குடியிருப்பில் மூன்றாவது மாடிக்காரிகள் நாம். நீ சிரித்துவிட்டாய். அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்கப்புறம் நீ மாடியைவிட்டு இறங்கினது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மாமாவும் அவர் கூட்டாளிகளும் நாலு பக்கமும் பிடித்துத் தூக்கி இறக்குவார்கள். எல்லாம் வெள்ளியங்கிரி ஏறின கால்கள். திருப்பத்தில் மூச்சு வாங்க நாற்காலியைக் கீழே வைப்பார்கள். "பாத்தியாடி, எனக்கு டோலி வந்துட்ச்சு" என்பாய். பெரியவர்களுக்கு டோலி வைத்துத் தூக்குகிற மலைகள் உண்டு என்று எங்கோ கேட்டிருந்தாய். நான் உன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வருவேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம். மாமா அந்த வருஷம் மலைக்குப் போகவில்லை. நீ தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாய். நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று மாமாவைப் பார்த்துக் கேட்டாய்.

"இப்பயாவது சொல்லேன். மேல இன்னா கீது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒண்ணுமில்ல. காத்து அடிக்கும். ஒரு பாறைக்குள்ள சாமி. குளிரும். அவ்ளோதான்."

நீ தலையை ஆட்டினாய். அவர் எழுந்து வெளியே போனதும் என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"பொய் சொல்றாரு. நான் வருத்தப்படக் கூடாதுன்னு பொய் சொல்றாரு. நீ போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்றியா?"

"ரெண்டு பேரும் போவோம்க்கா" என்றேன். வேறு என்ன சொல்வார்கள்?

ஆனி மாதம் நீ போனாய். மழை இல்லை, இடி இல்லை. மாமா பால் வாங்கப் போயிருந்தபோது, உன் கட்டிலில். ஆவணியில் எனக்கு ஐம்பது முடிந்தது. அன்றைக்கு நான் பள்ளிக்குப் போய், எல்லா வகுப்பும் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது மாமா திடீரென்று நிறுத்தச் சொன்னார். திரும்ப மாடி ஏறிப் போய், கதவுக்குப் பின்னாலிருந்து உனக்கென்று வைத்திருந்த தடியை எடுத்துவந்து உன் பக்கத்தில் வைத்தார். சாஸ்திரத்தில் இல்லையே என்றார் ஒரு பெரியவர். மாமா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "சொல்லிருக்கலாம். அப்பவே சொல்லிருக்கலாம்" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டே நடந்தார்.

எங்களில் செத்தவர்களுக்குக் கல்லறை உண்டு. பிள்ளைகள் வருவார்கள், பூப்போடுவார்கள், நவம்பரில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். உன்னைப் பட்டினப்பாக்கம் கடலில் கரைத்துவிட்டார்கள். கல்லறைத் திருநாளன்று அம்மாவின் கல்லறையில் உனக்கும் சேர்த்து ஒன்று ஏற்றினேன். காற்றில் அம்மாவுடையது நின்று எரிந்தது. உன்னுடையது அணைந்துகொண்டே இருந்தது. தீப்பெட்டி காலியானதும் எழுந்து வந்துவிட்டேன். சாமியார் பிரசங்கத்தில் உயிர்ப்பைப் பற்றிச் சொல்கிறார். இத்தனை வருஷம் அந்த வார்த்தையைப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன், உள்ளே எதுவும் அசையவில்லை. உன்னை எங்கேயோ வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. நீ இல்லை. எனக்குத் தோன்றுவதெல்லாம் அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். வாசலிலேயே நின்றார். ஆள் பாதியாகிவிட்டார்.

"மாசி பொறந்துட்ச்சும்மா. மலைக்கு வுட ஆரம்பிச்சிட்டாங்க. உனக்குத்தான் அம்பது தாண்டிட்ச்சே. வர்றியா? அவ சொல்லிக்கினே இருந்தா, ஸ்டெல்லாவ கூட்டிக்கினு போன்னு."

நான் என் தடியைப் பார்த்தேன். அப்போதே மாவு கொட்ட ஆரம்பித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. ஏழு மலையும் ஏறி நான் போகிறேன் என்றே வைத்துக்கொள். உச்சியில் நிற்கிறேன். மாமா சொன்னது போல ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. அதை நான் யாரிடம் வந்து சொல்வேன்? இல்லை, நீ நினைத்தது போல ஏதோ இருக்கிறது, மனுஷ வாயால் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நீ பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, அந்த ஏழு மலையும் நான் எப்படி இறங்கி வருவேன்?

"நான் வரலை மாமா" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. "நானும் போவல" என்றார். "சும்மா கேட்டேன். கேக்கலன்னா அவ திட்டுவா." திரும்பி எதிர்வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு சாத்தியிருந்து நான் பார்த்ததே இல்லை.

இன்று சனிக்கிழமை. காலையில் அந்த மாவைக் கூட்டி அள்ளிக் கொட்டியபிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. சாயங்காலம் திருமயிலை ஸ்டேஷனுக்குப் போனேன். நீ விழுந்தபிறகு அந்தப் பக்கமே போகவில்லை. கவுண்டரில் அதே ஆள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நான் வாயைத் திறக்குமுன் இரண்டு டிக்கெட் எடுத்து நீட்டினார். "இன்னாம்மா, ரொம்ப நாளா காணோம்? அவங்க பின்னால வராங்களா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். குழாய் இருந்த திருப்பத்தில் நின்றேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்கு ஒரு கேடும் இல்லை, உடம்பு கல் மாதிரி இருக்கிறது. ஆனாலும் அங்கே உனக்கு எவ்வளவு நேரம் வேண்டியிருந்ததோ அவ்வளவு நேரம் நின்றேன். இனி எந்தப் படி ஏறினாலும் இப்படித்தான் நிற்பேன் போலிருக்கிறது. பிறகு கை தட்டினேன். புறாக்கள் பறந்தன. குழாய் அப்படியேதான் இருந்தது. கொஞ்சம் பொறுத்தும் பார்த்தேன்.

மேலே ஏறிப் போனேன். பிளாட்பாரத்தில் ஒருவரும் இல்லை. கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. போய்ப் பாத்துட்டு வந்து சொல் என்றாயே, நான் ஏறப்போகிற உச்சி இது ஒன்றுதான், இதைச் சொல்கிறேன். மேலே ஒன்றும் இல்லை அக்கா. காத்து அடிக்கிறது. அவ்வளவுதான்.

மந்தவெளி வண்டி வந்தது. கையில் இரண்டு டிக்கெட்டையும் வைத்துக்கொண்டு நின்றேன். அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது.

உன்
ஸ்டெல்லா